ஒரு விரற்கடை

சனிக்கிழமை காலை காசிலிங்கம் ஒரு முடிவுக்கு வந்தார். ஹரிகிருஷ்ணனின் காருக்கு அவர் தைக்கப்போகும் உறை, ஹரிகிருஷ்ணனின் காருக்குப் பொருந்தவே கூடாது.

முப்பது வருடமாக முத்தியால்பேட்டையில் சீட் கவர் தைக்கிறவருக்கு இது லேசான முடிவு அல்ல. ஆட்டோ, வேன், கல்யாண மண்டபத்து சோபா, ஒருமுறை பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று எதை எடுத்தாலும் தோல் போல ஒட்டத் தைத்துப் பழகிய கை அது. தப்பாகத் தைக்கச் சொன்னால் கை கேட்காது. அதனால்தான் அவர் முதலில் மனசைத் தயார் செய்துகொண்டார்.

விஷயம் வியாழக்கிழமை ஆரம்பித்தது. வெண்ணெய் நிறத்தில் ஒரு குட்டிக் கார் கடை வாசலில் வந்து நின்றது. கூரை இல்லை. இருந்தது, ஆனால் மடக்கிப் பின்னால் தள்ளியிருந்தது. மொத்தமே இரண்டு சீட்டு. ஒன்றில், பிரான்ஸிலிருந்து ஊர் திரும்பி இரண்டு வருடமான ஹரிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். இன்னொன்று காலி.

கீழே கடை, மாடியில் வீடு. கார் சத்தம் கேட்டு சொர்ணம் இறங்கி வந்தாள். காசிலிங்கம் மனைவி.

"கூரையைத் திறந்தா அழகாத்தான் இருக்கு. ஆனா மடிச்ச துணி பின்னாடி அழுக்கு மூட்டை மாதிரி கெடக்குது பாருங்க" என்றார் ஹரிகிருஷ்ணன். "அதுக்கு மேல போத்துறதுக்கு ஒரு உறை வேணும். பழசு கிழிஞ்சு போச்சு. ரெக்சின் துணி நானே பிரான்ஸ்லருந்து கொண்டாந்து வச்சிருக்கேன். சுத்தி பதினாலு பிரஸ் பட்டன். உறை இல்லாம திறந்துக்கிட்டுப் போனா காத்துல துணி படபடன்னு அடிக்குது. அதனால, இன்னைக்கு உங்களுக்குக் காட்டத் திறந்ததைத் தவிர, கூரையை மூடியே ஓட்டுறேன். கூரையை மூடி ஓட்டுறதுக்கு இந்தக் கார் எதுக்கு?"

பேசிக்கொண்டே ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுக் கடைக்குள் வந்தார். காலில் சாக்ஸ் இருந்தது.

காசிலிங்கத்தின் கண் அந்த சாக்ஸிலேயே நின்றது.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், தாலி கட்டி அரைமணி நேரம்கூட ஆகாத நிலையில், பந்தியில் அவருடைய மாமியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. "நம்ம சொர்ணத்தை சொல்தா வீட்டுலருந்துகூட வந்து பார்த்தாங்க. மாப்பிள்ளை பிரான்ஸ்ல. மூணு தட்டு கேசரி சாப்பிட்டாரு. தகவல் சொல்றோம்னு போனவங்கதான்." சொல்தா வீடு என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற குடும்பம். புதுச்சேரியில் அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு இருந்த மவுசு வேறு. காசிலிங்கம் இலையில் இருந்த ஜாங்கிரியைத் தொடாமல் எழுந்தார். எவனோ சாப்பிட்ட அந்தக் கேசரி அவருக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

ஆள் யார் என்று ஒருமுறை சொர்ணத்திடமே கேட்டிருக்கிறார்.

"எனக்கு என்னா தெரியும்? தலையைக் குனிஞ்சுக்கிட்டு காபி கொடுத்தேன். காலைத்தான் பார்த்தேன். சாக்ஸு போட்டிருந்தாரு."

அன்றிலிருந்து காசிலிங்கம் சாக்ஸ் போட்டதில்லை. குளிர்காலத்தில் குதிகால் வெடித்தாலும் போட்டதில்லை.

ஹரிகிருஷ்ணனின் அப்பா பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர் என்பது ஊருக்கே தெரியும். இப்போது எதிரே சொல்தா வீட்டுப் பிள்ளை, பிரான்ஸ், சாக்ஸ். மூன்றும் பொருந்தின. இருந்தாலும் அவர் நியாயமானவர். இன்னொரு சாட்சி தேடினார்.

"சார் கேசரி சாப்பிடுவீங்களா?"

ரெக்சின் சுருளை மேசையில் வைத்துக்கொண்டிருந்த ஹரிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். "சின்ன வயசுல உயிரு. இப்ப டாக்டர் விடமாட்டேங்கிறாரு. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாத்தான்."

"உங்களை எங்கியோ பார்த்த மாதிரி இருக்குதே, மதாம்" என்றார் ஹரிகிருஷ்ணன், சொர்ணத்தைப் பார்த்து.

"தினம் இந்தத் தெருவுலதான் வண்டியில போறேன். ஊரே பார்க்குது" என்றாள் சொர்ணம். அவள் பார்வை ரெக்சின் மேல் இருந்தது. நல்ல கருஞ்சிவப்பு. பழுத்த நாவல் பழத்துக்கும் ஒயினுக்கும் நடுவே ஒரு நிறம். விரலால் தடவிப் பார்த்தாள். "எவ்வளவு மழை பெஞ்சாலும் தண்ணி உள்ள போகாது போல."

"ஒரு சொட்டு போகாது, மதாம். உறை மட்டும் நல்லா அமைஞ்சா, கூரையைத் திறந்து மொத ரவுண்டு உங்க வீட்டு ஆளுங்களைத்தான் கூட்டிக்கிட்டுப் போவேன்."

காலியாக இருந்த அந்த இன்னொரு சீட்டைக் காசிலிங்கம் பார்த்தார். வீட்டு ஆளுங்க என்று பன்மையில் சொல்கிறான். சீட்டு ஒருமையில் இருக்கிறது.

கணக்கு எளிது. உறை பொருந்தினால் கூரை திறக்கும். கூரை திறந்தால் அந்த சீட்டில் சொர்ணம் உட்காருவாள். முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரை வரைக்கும் தலைமுடி பறக்கப் போவாள். ஊரே பார்க்கும். உறை பொருந்தாவிட்டால் எதுவும் இல்லை.

அதனால்தான் சனிக்கிழமை காலை அந்த முடிவு.

காரின் மேல் வைத்து அளவெடுத்த காகிதத்தை ரெக்சின் மேல் விரித்தார். சாக்குக்கட்டியை எடுத்தார். காகிதத்தின் ஓரத்தை விட்டு, உள்பக்கமாக ஒரு விரற்கடை தள்ளிக் கோடு போட்டார். தொழிலில் அவர் போட்ட முதல் பொய்க் கோடு அது. சுற்றிலும் ஒரு விரற்கடை குறைந்தால் கடைசி நான்கு பட்டன் எட்டாது. எவ்வளவு இழுத்தாலும் எட்டாது. துணிதான் சார் சரியில்லை, பிரான்ஸ் துணி நம்ம ஊருக்கு ஒத்துக்கலை என்று சொல்லிவிடலாம்.

வெட்டி முடிக்கும்போது சொர்ணம் டீயோடு வந்தாள். கோட்டைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள்.

"என்னா, கோடு உள்ள தள்ளி இருக்கு?"

"அது தையல் கோடு."

"தையல் கோட்டுலயா வெட்டுவாங்க?"

"இது பிரெஞ்சு முறை."

"ஓ" என்றாள். கீழே விழுந்து கிடந்த மிச்சத் துணியை எடுத்து உதறினாள். முழங்கையை அதன்மேல் வைத்து, நீளவாட்டில் ஒருமுறை, அகலவாட்டில் ஒருமுறை அளந்தாள்.

"என்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல. நல்ல பெரிய துண்டா மிஞ்சியிருக்கேன்னு பார்த்தேன்." மடித்து அலமாரியில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

சொர்ணத்துக்கு ஒரு ஸ்கூட்டர் உண்டு. தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் வேலைக்கு அதில்தான் போய்வருகிறாள். வெள்ளையாக வாங்கியது, வெயிலில் நின்று நின்று பழுத்துப்போயிருந்தது. அதன் சீட்டு கிழிந்து மூன்று வருடம் ஆகிறது. மழைக்காலத்தில் உள்ளே பஞ்சு தண்ணீர் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே ஒரு அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறாள். சீட் கவர் கடைக்காரர் பெண்டாட்டி அரிசிப் பை மேல் உட்கார்ந்து போவதைத் தெருவே பார்த்துச் சிரிக்கிறது. "நாளைக்குத் தைச்சுடலாம்" என்று காசிலிங்கம் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊரான் வண்டி காத்துக்கிடக்கும்போது சொந்த வண்டிக்கு என்ன அவசரம் என்பது அவர் கொள்கை.

உறை தயாரானது. மாட்டுவதற்குத் திங்கட்கிழமை காலை ஏழரை மணி என்று ஹரிகிருஷ்ணனுக்கு போன் செய்தார். அதில் இரண்டு சூட்சுமம். ஒன்று, அந்த நேரத்தில் சொர்ணம் வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பாள். இரண்டு, ரெக்சின் வெயில் பட்டால் இளகும், குளிர்ச்சியில் விறைத்துக்கொள்ளும். காலை ஏழரைக்கு மரப்பலகை மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சொர்ணம் சொன்னாள். "நாளைக்கு நான் லீவு போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"மொத மொதல்ல இந்த மாதிரி கார் நம்ம கடைக்கு வருது. பார்க்க வேணாமா? எத்தனை மணிக்கு வர்றாரு?"

"ஏழரைக்கு."

தோசையைத் தட்டில் போட்டவள் கையை அப்படியே நிறுத்தினாள். "திங்கக்கிழமை ஏழரையா? ஏழரையிலருந்து ஒன்பது ராகு காலம். முப்பது வருஷத்துல ராகு காலத்துல ஊசியைத் தொட்டிருக்கீங்களா? ஆஸ்பத்திரி வேனையே ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வச்ச ஆளு நீங்க."

உண்மை. கடைச் சுவரில் ராகு கால அட்டவணையைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருப்பவர் அவர். பொறாமையில் அட்டவணை மறந்துபோயிற்று.

"அப்ப ஆறு மணிக்கு வரச் சொல்லிடறேன்."

"ஆறு மணிக்கு அவரு எழுந்துக்க மாட்டாரு."

காசிலிங்கம் தோசையைக் கீழே வைத்தார். "அவரு எப்ப எழுந்துக்குவாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பிரான்ஸ்ல இருந்தவருங்க. நமக்கு ஆறுன்னா அங்க நடுராத்திரி."

"இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு அந்தாளு."

"ஆளு வந்துட்டாரு. தூக்கம் இன்னும் வரலையோ என்னமோ. பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லுங்க. நல்ல நேரம்."

பன்னிரண்டு மணிக்கு முத்தியால்பேட்டை வெயிலில் தார் ரோடே இளகும். காசிலிங்கம் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார். நிழலில் காரை நிறுத்தி, உறையைக் கடைக்குள்ளேயே மின்விசிறிக்கு நேராக வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அலமாரியைப் பார்த்தார். உறையைக் காணவில்லை.

"சொர்ணம், கவர் எங்க?"

"மாடியில காயப்போட்டிருக்கேன்" என்று மேலே இருந்து குரல் வந்தது. "புது ரெக்சின் ஒரே நாத்தம். அந்தாளு கொடுக்குற காசுக்கு நாத்தத்தோடயா கொடுக்குறது? ஒன்பது மணிக்கே போட்டுட்டேன்."

இறங்கி வரும்போது உறை அவள் கையில் இப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த சப்பாத்தி மாதிரித் தொங்கியது. காசிலிங்கம் தொட்டுப் பார்த்தார். சுட்டது. அவர் நெஞ்சும் சுட்டது.

கார் வந்தது. நிழலில் நிறுத்த வேப்பமரத்தடியைக் காட்டினார். அங்கே சொர்ணத்தின் ஸ்கூட்டர் அரிசிப் பையோடு நின்றது. ஹரிகிருஷ்ணன் வெயிலிலேயே நிறுத்தினார். கூரையை மடக்கினார். மூட்டை தெரிந்தது.

இன்னும் ஒரு வழி இருந்தது. இந்த மாதிரி உறையை நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். இழுப்பு சமமாகப் பிரியும். காசிலிங்கம் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். டிக், டிக், டிக் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு வலது ஓரத்துக்கு வந்தார். அங்கே நான்கு விரல் அகலத்துக்கு இடைவெளி காட்டியது.

"எட்டலைங்களே சார்" என்றார். துக்கம் குரலில் நன்றாகவே வந்தது. "துணி ஒத்துழைக்கலை."

ஹரிகிருஷ்ணன் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அவ்வளவுதானா?"

"ஏங்க" என்றாள் சொர்ணம். "நடுவுலருந்துதானே போடணும்? கடைக்கு வர்ற எல்லாருக்கும் நீங்க சொல்றதாச்சே அது. வெயில்ல மறந்துட்டீங்க போல." டிக் டிக்கென்று எல்லாவற்றையும் பிய்த்தாள். "முசியே, நீங்க நடுவுலருந்து அந்தப் பக்கம் போங்க. நான் இந்தப் பக்கம் போறேன்."

நடு என்றால் நடு. இரண்டு பேரும் காரின் பின்னால் அருகருகே குனிந்தார்கள். இரண்டு தலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. முதல் பட்டனில் சொர்ணத்தின் வளையல் ஹரிகிருஷ்ணனின் கைக்கடிகாரத்தில் உரசி ஒரு சத்தம் எழுப்பியது. சின்னச் சத்தம்தான். காசிலிங்கத்துக்கு அது கோயில் மணி அளவுக்குக் கேட்டது.

"நகருங்க சார்" என்று பாய்ந்தார். "இது தொழில் தெரிஞ்ச ஆளு செய்யற வேலை."

ஹரிகிருஷ்ணன் நகர்ந்தார். நகர்ந்தவர் சும்மா நிற்காமல், "தண்ணி குடிக்கிறீங்களா மதாம்?" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு சொர்ணத்தின் பக்கம் போனார். காசிலிங்கத்தின் கண் முழுக்க அந்தப் பாட்டிலில் இருந்தது. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் அனுப்பிவிடலாம் என்பது மட்டும்தான் மனசில். கட்டைவிரல் தன்பாட்டுக்கு வேலை செய்தது. இளகிய ரெக்சினை இழுத்தது, ஒரு சுண்டு சுண்டியது, அமுக்கியது. டிக். அடுத்தது. டிக். அந்தப் பக்கம் சொர்ணமும் அதே வேகத்தில் வந்தாள். கடைசிப் பட்டன் கொஞ்சம் அடம் பிடித்தது. முப்பது வருடக் கை. விடுமா?

டிக்.

நிமிர்ந்து பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. ஒரு தொய்வு இல்லை. வெட்டும்போது குறைத்த அந்த ஒரு விரற்கடையால் உறை மத்தளம் மாதிரி விறைத்து நின்றது. ஒழுங்காக வெட்டியிருந்தால்கூட இவ்வளவு அழகாக அமைந்திருக்காது. காசிலிங்கத்தின் தொழில் வாழ்க்கையில் அதுதான் உச்சம். அவருக்கு அழுகை வந்தது.

"ஆனந்தக் கண்ணீரு" என்று சொர்ணம் ஹரிகிருஷ்ணனுக்கு விளக்கினாள். "மீதித் துணி கொஞ்சம் இருக்கு, முசியே."

"நீங்களே வச்சுக்குங்க மதாம். எனக்கு எதுக்கு?" ஹரிகிருஷ்ணன் காரை ஒருமுறை சுற்றி வந்து, காலியாக இருந்த சீட்டின் கதவைத் திறந்தார். "பாதி வேலை உங்களுது. மொத ரவுண்டு நீங்கதான். ஏறுங்க."

சொர்ணம் ஏறவில்லை. புருஷனைப் பார்த்தாள். "சொல்லுங்க. போய்ட்டு வரவா?"

"அவளுக்குக் காத்து ஒத்துக்காது சார்."

"தினம் ஸ்கூட்டர்ல போறேனே, அதுல காத்து இல்லையா?"

"அது நம்ம காத்து."

"காத்து நம்மளுதுதான். சீட்டு?" சொர்ணம் வேப்பமரத்தடியைக் காட்டினாள். "அரிசிப் பையில உக்காந்து உக்காந்து புடவையெல்லாம் பாழாப்போச்சு. இந்த சீட்டு மெத்துன்னு இருக்கும் போலருக்கு. ஒரு தடவை நல்ல சீட்டுல உக்காந்து பீச்சுக்குப் போனா என்னா?"

ஹரிகிருஷ்ணன் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார். எதிர்க் கடை வாசலில் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். சொர்ணம் செருப்பை ஒருமுறை தரையில் தட்டி, மண்ணை உதிர்த்தாள். ஏறப்போகிறவர்கள் செய்கிற காரியம் அது.

"இன்னைக்கே சீட்டைத் தைச்சுடறேன்" என்றார் காசிலிங்கம்.

"நாளைக்குன்னு சொல்வீங்க."

"அஞ்சு மணிக்குள்ள. உன் வண்டியிலயே ரெண்டு பேரும் பீச்சுக்குப் போவோம்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று சொர்ணம் எதிர்க் கடைக்காரர்களிடம் கேட்டாள். அவர்கள் தலையாட்டினார்கள். ஹரிகிருஷ்ணன் கதவைச் சாத்திவிட்டு, காற்றில் கையாட்டிக்கொண்டு தனியாகப் போனார்.

கடையில் கைவசம் இருந்தது புலித்தோல் டிசைன் ரெக்சின் மட்டும்தான். ஆட்டோக்காரர்களுக்கு வாங்கிப் போட்டது.

"புலி மேல உக்காந்து நான் கம்பெனிக்குப் போகணுமா?" என்று சொர்ணம் அலமாரியைத் திறந்து கருஞ்சிவப்புத் துண்டை எடுத்து மேசையில் போட்டாள். சீட்டின் மேல் விரித்தார் காசிலிங்கம். நீளம் சரியாக இருந்தது. அகலம் சரியாக இருந்தது. மடித்துத் தைக்க ஒரு விரற்கடை மிச்சமும் இருந்தது. காலி சீட்டு காலியாகவே போன நிம்மதியில் அவர் வேறெதையும் யோசிக்கவில்லை. நாலரைக்கே தைத்து முடித்தார். ஓரத்துக்கு இரட்டைத் தையல்கூடப் போட்டார்.

சொர்ணம் ஓட்டினாள். காசிலிங்கம் பின்னால் உட்கார்ந்தார். சீட்டு மெத்தென்று இருந்தது. கடல் காற்று வந்தது. பொறாமை என்று ஒன்று இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது.

கடற்கரைச் சாலைக்குத் திரும்பும் தெருவில் ஒரே நெரிசல். வண்டி நிறுத்த ஒரே ஒரு இடம்தான் இருந்தது. பக்கத்தில் ஹரிகிருஷ்ணனின் கார் நின்றது. ஆளைக் காணோம், எங்கேயோ நடக்கப் போயிருந்தார். சொர்ணம் அதற்குப் பக்கத்தில் ஸ்கூட்டரைப் பாந்தமாக நிறுத்தி ஸ்டாண்டு போட்டாள்.

காசிலிங்கம் இறங்கித் திரும்பிப் பார்த்தார்.

வெண்ணெய் நிறக் கார், அதில் கருஞ்சிவப்பு உறை. பழுத்து வெண்ணெய் நிறமாகிப்போன ஸ்கூட்டர், அதில் கருஞ்சிவப்பு சீட்டு.

காரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தர் அவரைக் கேட்டார். "அண்ணே, ரெண்டும் ஒரே வீட்டு வண்டியா? செட்டா சூப்பரா இருக்கு."

காசிலிங்கம் காரையும் ஸ்கூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். இனிமேல் தினம் காலையும் மாலையும் தன் பெண்டாட்டி அந்தக் காருக்கு ஜோடியாகத் தெருவில் போவாள். ஊரே பார்க்கும். இரட்டைத் தையல் வேறு.

"வீட்டுக்குப் போனதும் இதைக் கிழிச்சுப்புடறேன்" என்றார்.

"கிழிங்க. அரிசிப் பையை மடிச்சு பத்திரமாத்தான் வச்சிருக்கேன். அப்புறம் நான் கார்லதான் போகணும்."

"உன்னைப் பொண்ணு பார்க்க வந்து, மூணு தட்டு கேசரி தின்னுட்டுப் போனவன் கொடுத்த துணிடி அது."

சொர்ணம் சுண்டல் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

"வந்தது இவரு இல்லீங்க."

"சாக்ஸு?"

"சாக்ஸுக்குள்ள காலு இருக்குதில்ல? நான் பார்த்ததே காலைத்தான். அது தோணி மாதிரி காலு. இவருக்குப் பொம்பளைப் புள்ள காலு மாதிரி சின்னது. கடைக்கு வந்து ஷூவைக் கழட்டினப்பவே பார்த்துட்டேன்."

கேசரி, சாக்ஸ், பொய்க் கோடு, ராகு காலம், பதினாலு பட்டன் எல்லாம் வரிசையாகக் காசிலிங்கத்தின் கண் முன்னால் போயின.

"வியாழக்கிழமையே தெரியுமா? அப்பவே சொல்றதுக்கு என்னா?"

சொர்ணம் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"சொல்லியிருந்தா, சீட்டைத் தைச்சிருப்பீங்களா?"